ஒரு வாக்குக் கவர்னர்

எண்பதுகளில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடமாடிய எந்த மந்திரியை விடவும் எங்கள் கவர்னருக்குத்தான் கம்பீரம் அதிகம். அவர் பார்த்த வேலை, ஒனிஹங்காவில் ஒரு கம்பளி நூல் தொழிற்சாலையில் மூட்டை தூக்குவது. அங்கேயே நூலுக்குச் சாயம் ஏற்றுவது என் வேலை.

ஏவன்டேல் வாடகை வீட்டில் அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து அறை. பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த வாழ்க்கை வரலாறு ஒன்று அவருக்கு அகப்பட்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஒரு நீதிபதி, வருடா வருடம் தன் மாநிலத்துக் கவர்னர் தேர்தலில் நின்று, பதினொரு முறை தோற்று, பன்னிரண்டாம் முறை ஒரே ஒரு வாக்கால் வென்ற கதை. பஸ் பிந்தினாலும், சோறு குழைந்தாலும் அந்தக் கதைதான்; பட்டப்பெயரும் அதிலிருந்து வந்ததுதான்.

"அண்ணை, ரசத்துக்கு உப்புக் காணாது."

"தம்பி, அந்த மனுசன் பதினொரு தரம் தோத்தவர். உமக்கு உப்பு ஒரு பிரச்சினையே?"

வாசித்ததோடு நின்றாரா? தொழிற்சாலையில் தொழிற்சங்கப் பிரதிநிதிக்கு வருடா வருடம் தேர்தல். மனுஷன் அழுக்கு ஓவரோலுக்கு மேல் டை கட்டி, டோங்காக்காரர், சமோவாக்காரர், வெள்ளைக்காரர் என்று ஒருவர் விடாமல் கைகுலுக்கி வாக்குக் கேட்பார். எல்லோரும் "கவர்னர்!" என்று ஆர்ப்பரித்துவிட்டு, எதிர்த்து நின்ற போர்மனின், அதாவது எங்கள் மேற்பார்வையாளரின், மச்சானுக்கு வாக்குப் போடுவார்கள். கொடுமை என்னவென்றால், கவர்னரும் அந்த மச்சானுக்குத்தான் போடுவார்.

"தனக்குத் தானே போடுறது மரியாதை இல்லைத் தம்பி. அந்த மனுசனும் போட்டிருக்க மாட்டார்."

"புத்தகத்தில இருக்கோ?"

"அந்தப் பக்கம் கிழிஞ்சு போச்சு. இருந்திருக்கும்."

அவர் தேர்தலில் நின்ற ஐந்தாம் வருடம் நான் ஒரு கூத்து அடித்தேன். சாம்பல் நிறம் ஏற வேண்டிய ஒரு தொட்டி நூல் முழுவதையும் கிளிப்பச்சை ஆக்கிவிட்டேன். திங்கட்கிழமை விசாரணை. வேலை போனால், கொழும்பில் ஒண்டிக் குடித்தனம் இருந்த என் மனைவிக்கும் மகளுக்கும் விசா இல்லை. எனக்காகப் பேச வேண்டியவர் தொழிற்சங்கப் பிரதிநிதி. போர்மனின் மச்சான் போர்மனை எதிர்த்து வாய் திறப்பாரா? நல்லவேளை, அதற்கு முந்திய வெள்ளி தேர்தல்.

தேநீர் இடைவேளையில் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துச் சீட்டுகளை எண்ணினார்கள். என் விசாரணைக் கதை எல்லோர் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும்; கவர்னர் ஒரே ஒரு வாக்கால் வென்றார். டோங்காக்காரர்கள் அவரைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார்கள். ஆனால் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் மனுஷன் டையைக் கழற்றிப் பைக்குள் திணித்தார்.

"என்னண்ணை, சந்தோசமில்லையோ?"

"இந்த முறை எனக்கே போட்டுட்டன் தம்பி. வெக்கமாக் கிடக்கு."



திங்கள் விசாரணையை அவர் அமெரிக்க நீதிபதியின் பிறப்பிலிருந்து தொடங்கினார். மனேஜர் மணிக்கூட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். ஏழாவது தோல்வி வந்ததும் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார். "போதும், இவன் வேலையில் இருக்கட்டும்!"

கவர்னருக்குக் கோபம். "இன்னும் நாலு தோல்வி இருக்கு, சேர்!"

ஆறு மாதம் கழித்து விமான நிலையத்தில் என் மனைவியின் பெட்டியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு அவர் முன்னே நடந்தார்.

"இஞ்சாருங்கோ, ஆர் இவர்?" என்றாள் மனைவி.

"எங்கட கவர்னர்" என்றேன். வாழ்க்கையில் நான் வேறு யாரையும் அவ்வளவு பெருமையோடு அறிமுகம் செய்துவைத்ததில்லை.