சிரிப்பே எங்கள் தயாரிப்பு

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை செந்தமிழன் அவர்களுக்கு,

விருத்தாசலத்திலிருந்து மாமனார் தங்கராசு எழுதும் மடல். இங்கு நானும் உங்கள் அத்தை ராஜாம்பாளும் நலம். அங்கு நீங்களும் மகள் சிவசங்கரியும் நலமாக இருக்கப் பழமலைநாதரை வேண்டுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் எனக்குக் குரல் ஏறிவிடுகிறது. "மாப்பிள்ளைகிட்ட சத்தம் போட்டுப் பேசாதீங்க, எழுதிப் போடுங்க" என்று உங்கள் அத்தை சொன்னதால் எழுதுகிறேன். இதை வேறு யாருக்கும் காட்ட வேண்டாம்.

மாசி மகத்துக்கு வந்திருந்தபோது தேரடியில் எங்கள் சின்ன முதலாளி குருமூர்த்தியை உங்களுக்கு அறிமுகம் செய்து வைத்தது நான்தான். அந்தத் தப்பு என் மேல். கம்பெனி கம்பெனியாகப் போய், வேலை செய்யுமிடத்தில் சிரிப்பையும் புதுமையையும் நல்ல பழக்கங்களையும் வளர்ப்பது எப்படி என்று பாடம் நடத்துவதுதான் உங்கள் தொழில் என்று பெருமையாகச் சொன்னதும் நான்தான். கரும்பு ஜூஸ் குடித்து முடிப்பதற்குள் நீங்கள் நாலு யோசனை சொன்னீர்கள். நீங்கள் சென்னைக்கு பஸ் ஏறிய மறுநாள் காலை அந்த நாலும் எங்கள் பீங்கான் யூனிட்டுக்குள் நுழைந்துவிட்டன.

காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் வட்டமாக நின்று, கையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் சிரிக்க வேண்டும். என் வேலை உங்களுக்குத் தெரியும். சூளையிலிருந்து வரும் ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் காதால் கேட்பேன், ணங்கென்றால் நல்லது, டொக்கென்றால் உள்ளே விரிசல். முப்பத்தொரு வருடமாக இதே காரியம் செய்த காது வட்டத்தில் நின்றாலும் சும்மா இருப்பதில்லை. என்னைத் தவிர இருபத்திரண்டு பேர் சிரித்ததில் மூன்றுதான் ணங், மீதி எல்லாம் டொக். முதலாளியுடையதும் டொக்தான், நான் சொல்லவில்லை. அதே சிரித்த முகத்தோடு வேலையும் செய்ய வேண்டும் என்றதைச் சுமை தூக்கும் கொளஞ்சியப்பன் நம்பிவிட்டார், அவரோ கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிற ஆள், சுடாத பச்சைக் கட்டைகளை அடுக்கிய பலகையைத் தோளில் வைத்துச் சிரித்துக்கொண்டே போய்ச் சுவரில் மோதிவிட்டு, "ஒடஞ்சதுக்கும் சேத்து சிரிக்கணுமா சார்?" என்று கேட்டார். புதுமை வேண்டுமென்றார்களே என்று கட்டைகளுக்கு மை முத்திரை போடும் பானுமதி இருநூறு கட்டைகளில் கண்ணும் மூக்கும் சிரித்த வாயும் வரைந்து சூளைக்கு அனுப்பினார். சூளைச் சூட்டில் மை வழிந்து இருநூறும் அழுதுகொண்டே வெளியே வந்தன.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். நல்ல பழக்கம் என்ற பெயரில் 'எதிர்மறைச் சொல் கூடாது' என்று ஒன்று வந்ததே, அது நேராக என் தலையில் விழுந்தது. உடைசல், விரிசல், கழிவு எதையும் வாயால் சொல்லக் கூடாது. நல்லது, கெட்டது என்று இரண்டு வார்த்தை சொல்லத்தான் எனக்குச் சம்பளம், அதில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டால் நான் என்ன செய்ய? விரிசல் விட்ட கட்டையை நாங்கள் பழைய ஆட்கள் 'சிரிச்சிடுச்சு' என்போம். சரி, அதையே சொல்வோம் என்று ஆரம்பித்தேன்.

"சூளை எப்படி இருக்குது தங்கராசுண்ணே?" என்றார் முதலாளி.

"நாப்பது சிரிச்சிடுச்சுங்க."

"நாப்பதுதானா? நாளைக்கு நூறு சிரிக்கணும்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். விளக்கிச் சொல்லலாமென்றால், விரிசல் என்ற சொல் இல்லாமல் எப்படி விளக்குவது? மறுநாள் வாசலில் பெரிய போர்டு: 'சிரிப்பே எங்கள் தயாரிப்பு'. இருபது வருடமாக நம்மிடமே சரக்கு எடுத்து எங்கள் பாஷை பழகிய சேத்தியாத்தோப்பு வியாபாரி சாமிக்கண்ணு வந்தார், படித்தார், வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை. "இவ்ளோ உண்மைய போர்டுலயே எழுதிப் போட்டுட்டீங்களேப்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அவருக்குக் கட்டி வைத்த லோடு அப்படியே கிடக்கிறது.

உங்கள் நாலாவது யோசனை இன்னும் பாக்கி இருக்கிறது. சனிக்கிழமைதோறும் ஒருவர் மற்ற எல்லோரையும் சிரிக்க வைக்க வேண்டும், இந்த வாரம் என் முறை. எனக்கு ஐம்பத்தெட்டு முடிந்து ஓய்வு வயது வந்துவிட்டதால், வேலையில் இன்னும் ஒரு வருடம் வைத்துக்கொள்ளும்படி கேட்டிருந்தேன். "சனிக்கிழம எப்படிப் பண்றீங்கன்னு பாத்துட்டு சொல்றேண்ணே" என்கிறார் முதலாளி. எனக்கு அது வராது. உங்கள் கல்யாண வீடியோவில்கூட நான் ஓரிடத்திலும் சிரிக்கவில்லை. பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை. வீட்டில் உட்கார்ந்துவிட்டால் இந்தக் காதை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? நேற்று காபிக் கோப்பையைத் தட்டிக்கொண்டிருந்தேன், உங்கள் அத்தை பிடுங்கி வைத்துவிட்டாள். ஆகவே தயவுசெய்து முதலாளிக்கு ஒரு போன் போட்டு, எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லவும்.

நீங்கள் இருவரும் விரிசலில்லாமல் (கடிதத்தில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்) நீண்ட காலம் வாழ வாழ்த்தும்,
மாமனார் தங்கராசு

பி.கு.: விலாசம் எழுதித் தரும்படி இந்தக் கடிதத்தை ஒட்டாத கவரில் ஆபீஸ் மோகனப்பிரியாவிடம் கொடுத்தேன், அந்தப் பெண் படித்துவிட்டது. சனிக்கிழமை நான் வட்டத்தின் நடுவே வாய் திறக்காமல் நின்றபோது, "தங்கராசு சார் எழுதி வச்சிருக்காருங்க" என்று எடுத்து முதல் வரியிலிருந்து வாசித்துவிட்டது. 'அந்தத் தப்பு என் மேல்' என்ற இடத்தில் சிரிக்க ஆரம்பித்தார்கள். போர்டு வந்த இடத்தில் முதலாளி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் காது கேட்டதைச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டும் ணங், ஒன்றில்கூட விரிசல் இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ஒரு வருஷம் இருங்கண்ணே, போர்ட கழட்டிடலாம்" என்றார். விரிசல் என்ற சொல்லும் திரும்பக் கிடைத்துவிட்டது, சாமிக்கண்ணு லோடு ஏற்ற வருகிறார். ஒரே சிக்கல், இனி எல்லாச் சனிக்கிழமையும் எனக்கே என்று சொல்லிவிட்டார்கள், என்னிடமோ சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே மேலே எழுதியதை எழுதாததாகவே கொள்ளவும். சித்திரைக்கு வரும்போது அவசியம் முதலாளியைப் பார்த்து, புதிதாக இன்னும் நாலு யோசனை சொல்லிவிட்டுப் போகவும்.