ஒன்பதாம் பாடத்தில் ஒரு கொட்டாவி

அங்கிள் கொட்டாவி விட்டதுதான் தப்பு. அதோடு நிறுத்தியிருக்கலாம். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிச் சோம்பலும் முறித்துவிட்டார். மாலைக் கல்லூரியின் வரலாற்று வகுப்பில் எல்லாரையும்விட மூத்த மாணவர் என்பதால் எல்லாருக்கும் அவர் அங்கிள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தூங்குமூஞ்சி என்கிற மாணவன் அந்த வருஷத்திலேயே முதல் தடவையாகக் கண்ணை முழுசாகத் திறந்தான். அங்கிளைப் பார்த்தான். மேசையில் விரிந்து கிடந்த பாடப் புத்தகத்தைப் பார்த்தான்.

"சார்! ஒன்பதாம் பாடத்துல இருக்கிறது இவருதான் சார்!"

வகுப்பே திரும்பியது.

'நவீன தேச வரலாறு: ஓர் அறிமுகம்' புத்தகத்தின் ஒன்பதாம் பாடத்தில் பக்கம் நிறைய ஒரு புகைப்படம். நகரச் சதுக்கத்தில் ஓர் இளைஞர் வலது கையை உயர்த்தி, தொண்டைக்குழி தெரிய வாயைப் பிளந்தபடி ஓடுகிறார். பின்னால் பெருங்கூட்டம். அவருக்கு நேர் பின்னால், ஒற்றைக் காலில் மட்டும் செருப்புடன் ஓர் ஒல்லி மனிதர். கீழே, 'ஒரு தலைமுறையின் கோபம்' என்று போட்டிருந்தது. காலையிலிருந்து சதுக்கத்தில் வெறுமனே நின்ற மக்கள் திடீரென்று பொங்கி எழுந்தார்கள், சாயங்காலத்துக்குள் அரசாங்கம் கவிழ்ந்தது, முதலில் அழைப்பு விடுத்தது யார் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்றது பாடம்.

விரிவுரையாளர் மேடையை விட்டு இறங்கி வந்தார். ஒன்பதாம் பாடம் நடந்து முடிந்த பிறகு பிறந்தவர் அவர்.

"நீங்களா சார்?"

"நான்தான். ஆனா..."

மிச்சம் கைதட்டலில் போய்விட்டது.

அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் ஒரு பஸ் இருந்தது. அன்று காலை அங்கிளுக்குப் பட்டப்படிப்பின் கடைசிப் பரீட்சை. வரலாறு. பஸ் போய்விட்டது, பேப்பர் நின்றுவிட்டது. குடிநீர் வாரியத்தில் எழுத்தர் வேலை கிடைத்ததும் அவரும் அதை மறந்துவிட்டார். இப்போது கண்காணிப்பாளர் பதவிக்குப் பட்டம் வேண்டுமாம். இவ்வளவு பழைய அரியருக்கு வகுப்பில் புதிதாக உட்கார வேண்டும் என்றது பல்கலைக்கழகம். அதற்குள் பாடத்திட்டம் வளர்ந்து, அவர் பரீட்சையைக் கோட்டைவிட்ட அந்தக் காலையே பாடமாகியிருந்தது. வரலாறு நடந்த அன்று வரலாற்றில் ஃபெயிலானவர். இதை நினைத்துச் சிரிக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. பகலெல்லாம் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு மாலையில் இங்கே வருகிற மனிதர்.

அடுத்த வாரம் தேர்வு. 'படத்தில் உள்ள இளைஞரின் மனநிலையை விளக்குக' என்று ஒரு கேள்வி. கடவுள் கண் திறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு அங்கிள் எழுதினார்: 'பஸ் போகிறது. ஹால் டிக்கெட் சட்டைப் பையில் இருக்கிறது. காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை.'

பூஜ்ஜியம் வந்தது.

"சார், அது நான்தானே? எனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். ஆனா புத்தகத்துல அப்படி இல்லையே. நேர்ல இருந்தவங்க சொல்றதுக்கெல்லாம் மார்க் போட ஆரம்பிச்சா அப்புறம் வரலாறு என்னாகும்?"

"அப்ப நான் என்ன நினைச்சேன்..."

"அடுத்த பக்கத்துல இருக்கு. படிச்சிட்டு வாங்க. உங்களுக்காக இன்னொரு தடவை எழுத விடுறேன்."

வீட்டில் அவர் புத்தகத்தை உற்றுப் படிப்பதை மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, அப்படி என்ன தேடுறீங்க?"

"நான் என்ன நினைச்சேன்னு பார்க்கிறேன்."

"கிடைச்சா எனக்கும் சொல்லுங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து நானும் அதைத்தான் தேடிட்டிருக்கேன்."

மறுமுறை அங்கிள் எழுதினார்: 'காலங்காலமாய் அடக்கி வைத்த சினம் அந்த இளைஞரின் தொண்டையில் எரிமலையாய் வெடித்தது.' முழு மதிப்பெண். விரிவுரையாளர் குரல் தழுதழுக்க அதை வகுப்பில் படித்தார். தூங்குமூஞ்சி அதை வீடியோ எடுத்து, புத்தகத்துப் படத்தோடு ஊருக்கே அனுப்பினான். தூங்கியே தொலைத்திருக்கலாம்.

மறுநாள் ஆபீஸில் காலை டீ வருவதற்குள் மேனேஜர் கூப்பிட்டார். ஓய்வு பெறும் நாளுக்காகக் காத்திருப்பவர். மேலிடத்தில் கேட்காமல் தும்மக்கூட மாட்டார். செல்போனில் இருந்த படத்தைப் பாதி மறைக்கும்படி கட்டைவிரலை வைத்து நீட்டினார்.

"வேலைக்குச் சேரும்போது எந்தக் கிளர்ச்சியிலயும் கலந்துக்கலைன்னு உறுதிமொழி குடுத்தீங்களா இல்லையா?"

"எல்லாரும் குடுத்ததுதானே சார்."

"எல்லாரையும் ஏன் இழுக்கிறீங்க?" மேனேஜர் படபடத்தார். "இந்த எரிமலைக்கு என்ன அர்த்தம்?"

"அது மார்க்குக்காக சார். நான் பஸ்ஸுக்குத்தான் ஓடினேன்."

"என்கிட்ட சொல்லி? ஊரே பார்த்தாச்சு. ஊர் முன்னாடி சொல்லுங்க. நானே வந்து கேட்டுட்டு உங்க புரமோஷன்ல கையெழுத்துப் போடுறேன்."

ஊரைக் கூட்டுகிற வேலையை விரிவுரையாளர் ஏற்கெனவே செய்துவிட்டிருந்தார். வெள்ளிக்கிழமை கல்லூரியில் பாராட்டு விழா.

அங்கிள் மனைவியிடம் முறையிட்டார். "பஸ்னு சொன்னா வாத்தியார் ஃபெயிலாக்கிடுவார். டிகிரி போச்சு. எரிமலைன்னு சொன்னா மேனேஜர் கையெழுத்துப் போட மாட்டார். எப்படிப் பார்த்தாலும் புரமோஷன் போச்சு."

"எதைச் சொன்னாலும் உட்கார்ந்துக்கிட்டே சொல்லுங்க. காலெல்லாம் வீங்கியிருக்கு."

விழா மேடையில் கதவைவிடப் பெரிசாக அதே படம். மாணவர்கள் கையைத் தூக்கிக் கோஷம் போட்டார்கள். முதல் வரிசையில் மேனேஜர், கல்லுப் பிள்ளையார் மாதிரி. அங்கிளின் இடது பையில் பஸ் உரை, வலது பையில் எரிமலை உரை. இரண்டையும் எடுக்க அலுப்பாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மைக்கைப் பிடித்தார்.

"எனக்கு அன்னிக்கு ஒரு கோபமும் இல்லீங்க. ஹிஸ்டரி பரீட்சை. பஸ் கிளம்பிடுச்சு. டிரைவர் பார்க்கட்டும்னு கையைத் தூக்கிக் கத்திக்கிட்டே ஓடினேன். சதுக்கத்துல சும்மா நின்ன கூட்டம் எதுக்காக என் பின்னாடி வந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அவங்களுக்கும் அதே பஸ்ஸோ என்னவோ."

தூக்கிய கைகள் எப்படி இறங்குவது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றன. விரிவுரையாளர் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவர் மேனேஜர்தான். அவரோ முகம் வெளுத்துப்போய் எழுந்தார். மேடையேறி, படத்தில் இருந்த அந்தச் செருப்பில்லாத காலைத் தொட்டுப் பார்த்தார். கொடுத்த உறுதிமொழியெல்லாம் மறந்து, மைக் முன்னாலேயே கத்தினார்.

"பஸ்ஸா? யோவ், நீ கையைத் தூக்கிட்டு ஓடுறதைப் பார்த்துத்தானேய்யா நான் ஒத்தைச் செருப்போட உன் பின்னாடி வந்தேன், என்னைப் பார்த்துத்தானேய்யா மத்தவங்க எல்லாரும் வந்தாங்க!"