‘என்னங்க’ என்பவர் யார்?

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் அத்தையின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அத்தை ஸ்பீக்கரில் போட்டுவிடுவார்கள் என்பதால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் மகளை இங்கே அழைத்துக்கொள்ளும் விசா விஷயமாக ஒரு சங்கடம். எங்களுக்குக் கல்யாணம் ஆனது உண்மைதானா என்று குடியேற்ற அலுவலகத்தார் கூடுதல் ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். கல்யாணப் போட்டோவை நம்பிவிட்டார்கள். வம்பு வந்தது, நாங்கள் தினமும் அனுப்பிக்கொண்ட மெசேஜ்களால். அவற்றை மொழிபெயர்த்தவர் மகா நேர்மையானவர், ஒரு சொல்லையும் விடவில்லை. உங்கள் மகள் ‘என்னங்க’ என்று ஆரம்பிப்பதை ‘என்ன?’ என்று போட்டிருக்கிறார். ‘சொல்லுங்க’ என்றால் ‘வாக்குமூலம் தரவும்’. ‘அப்புறம்’ என்றால் ‘அதற்குப் பின் நடந்தது என்ன?’. மனைவி எனப்படுபவர் கணவர் எனப்படுபவரை விசாரணை செய்வது போலிருக்கிறது, அவர் பெயரை ஓரிடத்திலும் சொல்லவில்லை, பெயர் தெரியுமா என்பதே ஐயமாக உள்ளது என்று அதிகாரி எழுதுகிறார். ஓட்டல் சலவைக்கூடத்தில் விரிப்பு மடித்துக்கொண்டே இதைப் படித்தேன். மறுமுனையைப் பிடித்திருந்த கூட்டாளி எட்டிப் பார்த்து, “உன் பொண்டாட்டி என்னய்யா, போலீசா?” என்று சிரித்த சிரிப்பில் விரிப்பு தரையில் விழுந்து, மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று.

நம் பாஷை தெரிந்த வக்கீலம்மாவிடம் ஓடினேன். “இது நிராகரிப்பு இல்லைங்க, பதில் சொல்ல ஒரு வாய்ப்பு. என்னங்கன்னா என்னன்னு நான் விளக்கம் எழுதித் தர்றேன். உங்க பேரைச் சொல்லி அவங்களை ஒரு குரல் மெசேஜ் அனுப்பச் சொல்லுங்க” என்றார். போன உயிர் திரும்பி வந்தது. உடனே உங்கள் மகளைக் கேட்டேன். “பேரா? நானா? ஆளை விடுங்க! அந்த ஆபீசரை அவங்க வீட்டுல எப்படிக் கூப்பிடுவாங்களாம்?” என்று போனை வைத்துவிட்டாள். அடுத்த மாதம் முடிவதற்குள் அனுப்பாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து, மாமா.

நீங்கள்தான் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். அத்தை எதிரில் வேண்டாம். அவர்கள் உங்களை ‘ஏங்க’ என்பதும் நீங்கள் அவர்களை ‘இந்தா’ என்பதும் அந்த அதிகாரி காதில் விழுந்தால் உங்கள் கல்யாணத்துக்கும் ஆதாரம் கேட்பார். அலமாரியில் பாதியைக் காலி செய்து வைத்திருக்கிறேன். காலிப் பக்கத்தைத் தினமும் துடைக்கிறேன். அவள் இல்லாமல் இருக்க முடியவில்லை. மாமனாருக்கு இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அத்தைக்கு என் வணக்கம். மைத்துனனுக்கு அன்பு. உங்கள் ஆசி வேண்டும்.

இப்படிக்கு,
பெயர் நிரூபிக்கப்படாத உங்கள் மருமகன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள், அவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். உறையை ஒட்டும் நேரத்தில் குரல் மெசேஜ் வந்துவிட்டது. என் முழுப் பெயரையும் இனிஷியலோடு, வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுப்பது போலச் சொல்லியிருக்கிறாள். பிறகு சிரிப்பு. கடைசியில், “என்னங்க, போதுமா?” மறுபடியும் என்னங்க! அதை மட்டும் வெட்டிவிடலாமா என்று வக்கீலம்மாவுக்குப் போன் போட்டேன். “ஐயோ, வெட்டிடாதீங்க! அதுதாங்க ஆதாரமே” என்றார்.