கம்பி இன்ஜினியரும் ஆறிப்போன காப்பியும்

ஜோர்டானின் அம்மான் நகரத்தில் பாதிப் பேர் இன்ஜினியர்கள். மீதிப் பேரை மரியாதைக்காக இன்ஜினியர் என்று கூப்பிடுகிறோம். இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. அதற்குக் கம்பி இன்ஜினியர் என்று பெயர்.

பாலம் கட்டுகிற கம்பி என்று நினைத்துவிடாதீர்கள். வேப் என்கிற புகைக் கருவிக்குள், ஒரு சிட்டிகைப் பஞ்சைத் தழுவிக்கொண்டு, சுருள் சுருளாக உட்கார்ந்திருக்குமே, தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த கம்பி, அது. அந்தக் கம்பிக்காக மனிதன் இரவு பகல் பாராமல் கவலைப்பட முடியுமா? முடியும். என் தம்பி கைஸ் படுகிறான். என் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, ஜபல் ஹுஸைன் வட்டாரத்தில் இந்த விஷயத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மற்றவர்கள் ஸலாம் சொல்வார்கள். இவர் முதலில் மூக்கை உறிஞ்சுவார். "காந்தல் வாடை வருதே, யார் வேப்?" என்பார். அதன் பிறகுதான் ஸலாம். கல்யாண வீடோ, துக்க வீடோ, பல் டாக்டரின் வரவேற்பறையோ, யார் கையில் வேப்பைக் கண்டாலும் அருகில் போய் உட்கார்ந்து, குடும்ப நலம் விசாரித்து, வெயிலைத் திட்டி, மெதுவாக, "தப்பா எடுத்துக்காதீங்க, உள்ள என்ன கம்பி?" என்று கேட்பார். அந்தப் பாவப்பட்டவருக்கு என்ன தெரியும்? "கம்பி... கம்பிதான்" என்பார். தீர்ந்தது. அன்றைய சாயங்காலம் முழுவதும் போச்சு.

இவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தம் இருக்கும். கைஸ் வைத்திருப்பது எங்கள் அம்மாவின் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த, அகபா கடற்கரையிலிருந்து வாங்கி வந்த மீன் பொம்மை. ஒட்டினால் நிக்கல், அல்லது ஹீட்டர் கம்பி. ஒட்டாவிட்டால் டைட்டானியம், அல்லது நல்ல ஸ்டீல். கம்பியோடு நின்றானா? விருந்துக்குப் போன வீட்டில் கரண்டியில் மீனை ஒட்டவைத்து, "அத்தை, இது நல்ல ஸ்டீல் இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தான். அத்தை இன்னும் எங்களுடன் சரியாகப் பேசுவதில்லை.

நான் பத்தாவதோடு நிறுத்திக்கொண்டு கார் இருக்கைக்கு உறை தைப்பவன். எனக்கே புரியும்படி அவன் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொல்கிறேன். சூடு ஏற ஏறச் சில கம்பிகளில் மின்தடை மாறும். அந்த மாற்றத்தைப் பார்த்துத்தான் கருவி சூட்டைக் கணக்குப் போட்டு, பஞ்சு கருகாமல் நிறுத்துகிறது. நிக்கல், டைட்டானியம், ஸ்டீல் மூன்றும் மாறும். ஹீட்டர் கம்பி கிட்டத்தட்ட மாறவே மாறாது. அதைப் போட்டுவிட்டுக் கருவியிடம் சூட்டைக் கேட்பது ஊமையிடம் வழி கேட்பது மாதிரி. இவ்வளவுதான் விஷயம். இவ்வளவைச் சொல்ல எனக்கு ஒரு பத்தி போதுமாக இருந்தது. கம்பி இன்ஜினியர் இதைச் சொல்லி முடித்ததை யாரும் பார்த்ததில்லை.

இன்னொரு விசித்திரம். இவர் புகை விட்டும் யாரும் பார்த்ததில்லை. கருவி எப்போதும் திறந்தே கிடக்கும். புதுக் கம்பி ஆறிய பிறகுதான் மின்தடையை முதல் அளவு எடுக்க வேண்டுமாம். ஆகஸ்ட் மாதத்தில் இந்த ஊரில் எது ஆறும்? ஆகவே கைஸ் அதை ஃபிரிட்ஜில் லப்னே தயிருக்குப் பக்கத்தில் வைத்தான். ரொம்பக் குளிர்ந்துபோய்ப் புகையே வரவில்லை. வெளியே எடுத்து வைத்தான். அம்மா எங்கள் எல்லாரையும் எடுத்து வெளியே வைத்தாள்.

சரி, இப்படிப்பட்ட ஒருவனுக்குக் கல்யாணம் செய்துவைக்க நேர்ந்தால் என்ன ஆகும்?

பெண் ரஹஃப். கூடப் படித்தவள். மூன்று வரன்களை இவனுக்காகத் தட்டிக்கழித்தவள். அவளுடைய அப்பா அபூ லைத் நிஜமான இன்ஜினியர். பாலைவனத்தில் சாலை போட்டவர். இரண்டு தடவை தூது விட்டும் பிடிகொடுக்காதவர். கடைசியில், "பெரியவங்க வரட்டும், பார்க்கலாம்" என்றார். எங்கள் குடும்பத்து ஆண்கள் எல்லாரும் கோட்டு மாட்டிக்கொண்டு, வட்டாரப் பெரியவர் ஹாஜி ஷிஹாதேயைத் தலைவராக முன்னால் விட்டுக் கிளம்பினோம். வாசலிலேயே அம்மா கைஸின் பையைச் சோதித்து மீனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வாயைத் திறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

"அம்மா, நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளையா இருந்தா பயமே இல்லடா. பண்ணு!"

பண்ணினான்.

அங்கே போய் உட்கார்ந்தோம். காப்பி வந்தது. ஹாஜி கோப்பையை வாங்கி, வழக்கப்படி குடிக்காமல் முன்னால் வைத்தார். கேட்டது கிடைத்தால்தான் குடிப்பார். கிடைக்காவிட்டால் கோப்பையை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் எழுந்து வர வேண்டும், அதைவிட அவமானம் ஒரு குடும்பத்துக்குக் கிடையாது. ஹாஜி பேச ஆரம்பித்தார். எங்கள் கொள்ளுத் தாத்தாவில் தொடங்கி, இரு குடும்பத்தின் பெருமைகளையும் மாறி மாறி எடுத்துவிட்டு, பெண்ணின் பெயரை நெருங்கிக்கொண்டிருந்தார்.

அபூ லைத்துக்கு என்ன பதற்றமோ! பையிலிருந்து ஒரு தடித்த வேப்பை எடுத்தார். ஹூக்காவை டாக்டர் நிறுத்தச் சொன்னதிலிருந்து இதுதான் துணையாம். மேல்மூடியைத் திருகினார். கருகிய பஞ்சை உருவிப் போட்டார். உள்ளே கம்பி, நீலமும் ஊதாவுமாக மின்னியது. பக்கத்தில் கைஸின் முழங்கால் ஆட ஆரம்பித்தது. நான் அதன் மேல் கையை வைத்து அழுத்தினேன். ஹாஜி, "எங்கள் மகன் கைஸுக்கு உங்கள் மகள் ரஹஃபைக் கேட்டு வந்திருக்கிறோம்" என்று முடிக்கவும், அபூ லைத் வெறும் கம்பியைச் சுத்தப்படுத்தப் பொத்தானை அமுக்கவும், அது ரத்தச் சிவப்பாகத் தகதகக்கவும் சரியாக இருந்தது.

"அமுக்காதீங்க மாமா!"

இன்னும் மாமாவே ஆகவில்லை! என் கையைத் தட்டிவிட்டுப் பாய்ந்தான். பெண்ணின் தகப்பன் கையிலிருந்து கருவியைப் பிடுங்கினான்.

"என்னடா இது?" என்றார் அபூ லைத்.

"நீலமும் ஊதாவுமா மின்னுதே, டைட்டானியம். இதைச் சிவக்க விடவே கூடாது. மாவு மாதிரி வெள்ளையாப் படியும். அப்புறம் நெஞ்சுக்குள்ள இழுப்பீங்க. நீங்க முதல்ல ஸ்டீல்னு செட்டிங் வச்சீங்க, புகை வரல. கோபத்துல சூட்டுக் கட்டுப்பாட்டையே எடுத்துட்டு வெறும் வாட் கணக்குக்கு மாத்தினீங்க. அன்னையிலிருந்து காந்தல். சரியா?"

அபூ லைத்தின் முகம் கறுத்தது. "இதையெல்லாம் உனக்கு யார் சொன்னது?"

கதவுக்குப் பின்னாலிருந்து ரஹஃபின் குரல்: "யாரும் சொல்ல வேணாம் யாபா, வீடே நாறுது! சிவக்க விடாதீங்கன்னு நான் தினமும் கத்தறேனே! நிக்கல் வாங்கிப் போடுங்கன்னேனே!"

இந்த இடத்தில் மனிதனாகப் பிறந்த எவனும் என்ன செய்வான்? "ஆமாம், அவள் சொல்வதுதான் சரி" என்பான். கைஸ் கதவைப் பார்த்துத் திரும்பினான்.

"நிக்கலா? அப்பா மணிக்கட்டைப் பார்த்தியா? வாட்ச் பட்ட இடமெல்லாம் தடிச்சிருக்கு. அவருக்கு நிக்கல் ஆகாது. ஸ்டீல்தான்!"

"தடிப்பு வியர்வையால!"

"வியர்வை பக்கிள் வடிவத்திலயா வரும்?"

"ஏன், வரக்கூடாதா?"

"யா ஜமாஅத்!" என்று ஹாஜி கத்தினார். "எனக்குத் தொண்டை வறண்டு போச்சு. பொண்ணு உண்டா, இல்லையா?"

அபூ லைத் தன் மணிக்கட்டைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கைஸைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"இந்த வீட்ல ஒருத்தி இருக்கா, விடிஞ்சா இதே பேச்சு. ரெண்டு பேரையும் ஒரே வீட்ல அடைச்சாத்தான் நான் உயிரோட இருப்பேன். குடிங்க ஹாஜி."

ஹாஜி ஒரே மடக்கில் குடித்தார். உள்ளே பெண்கள் குலவையிட்டார்கள். குலவைக்கு நடுவிலும், "வியர்வைதான்!" என்று ஒரு குரல் தெளிவாகக் கேட்டது.

வாசகரே, நீங்கள் புகையைத் தொடாதவராக இருக்கலாம். கம்பி என்றால் வேலி மட்டுமே தெரிந்தவராக இருக்கலாம். ஆனாலும், "ஸ்டீலிலும்தான் நிக்கல் கலந்திருக்கிறது, அதை ஏன் உன் தம்பி சொல்லவில்லை?" என்று கேட்க உங்கள் நாக்கு சற்று முன் துறுதுறுத்ததா? இல்லையா? நல்லது. ஆறிய காப்பியைக் கொட்டிவிட்டு ஹாஜிக்கு வேறு சூடாக ஊற்றியிருக்க வேண்டும் என்றாவது தோன்றியதா?

தோன்றியது அல்லவா? வாருங்கள், இன்ஜினியர். உட்காருங்கள்.