எடை மேடை பேசவில்லை

பழைய யூனிக்ஸ் கணினியில் பதினோரு வருடமாக ஒரு லாரி விடாமல் எடை பதிவாகியிருந்தது. அதே நிரலை இன்று காலை புதிய லினக்ஸ் கணினிக்கு மாற்றினான் ஹார்ட்முட். நிரல் அப்படியே உறைந்து நின்றது.

ஆல்காய் மலையடிவாரத்துப் பால் கூட்டுறவு அது. வாசலில் லாரியை நிறுத்தும் எடை மேடை. அங்கிருந்து அலுவலகக் கணினிக்கு எடையை அனுப்ப ஒரு சீரியல் கம்பி. "அரை மணி நேர வேலை" என்று பெருமையடித்தவன் ஹார்ட்முட்தான். இரண்டு மணி ரயிலில் மனைவி ஊர்சுலாவோடு ஏரிக்கரைக்குப் போக வேண்டும். மூன்று வருடமாகத் தள்ளிப்போன விடுமுறை. வராவிட்டால் தனியாகவே போய்விடுவேன் என்று அவள் சொல்லியாயிற்று.

எடை போடும் கிரெசென்ஸ் ஒன்பது அடித்ததும் ரொட்டியும் முள்ளங்கியும் எடுத்துக்கொண்டு சாப்பிடக் கிளம்பினாள். அந்த நேரத்தில் அவளை யாரும் கூப்பிடுவதில்லை. கூட்டுறவின் தலைவரே கூப்பிட்டாலும் திட்டு நிச்சயம்.

கம்பியின் மறுமுனை தயாரா என்று நிரல் காத்துக்கொண்டிருப்பதை ஹார்ட்முட் கண்டுபிடித்தான். "காத்திருக்காதே" என்று ஒரு வரி சேர்த்தான். உறைவது நின்றது. ஆனால் லாரியின் எடை பூஜ்யம் என்றது.

ஜன்னலில் லாரி ஓட்டுநர் அலோய்ஸ் எட்டிப் பார்த்தான். "இருபதாயிரம் லிட்டர் இருக்குப்பா உள்ளே. காத்தா கொண்டுவந்தேன்?"

"கம்பியில தகவல் போற வேகம் ஒத்துப்போகலை. ஒரு நிமிஷம்."

"நீ நிதானமா பண்ணு. பால் குளுகுளுன்னு இருக்கு, எனக்கும் அவசரமில்லை."

வேகத்தை மாற்றினான். எடை வராவிட்டால் மறுபடி கேட்கும்படியும் எழுதினான். அது நொடிக்கு ஒரு தடவை கேட்டது, ஒவ்வொரு தடவையும் ரசீது அச்சடித்தது. "0 கிலோ, 0 கிலோ" என்று காகிதம் மேசையிலிருந்து இறங்கி வாசல் வரை போயிற்று. அலோய்ஸ் நுனியைப் பிடித்து அழகாகச் சுருட்டிக் கொடுத்தான்.

கம்பியின் பிளக்கைத் திறந்து இரண்டு கம்பிகளை இடம் மாற்றிப் பற்றவைத்தான் ஹார்ட்முட். இப்போது பூஜ்யம்கூட வரவில்லை, வெறும் பிழைச் செய்தி.

ஊர்சுலா போனில் வந்தாள். "என்ன ஆச்சு? கிளம்பிட்டியா?"

"கிட்டத்தட்ட."

"இதையேதான் போன வருஷமும் சொன்னே."

அவனுக்கு அழுகை வந்தது. போகட்டும், விடுமுறை முடிந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கம்பிகளைப் பழையபடி மாற்றினான். ஓரங்கட்டியிருந்த பழைய கணினியைத் தூக்கி வைத்து அதில் கம்பியைச் செருகினான். அதுவும் ஊமை.

"அய்யோ, நல்லா இருந்ததையும் கொன்னுட்டேன் அலோய்ஸ். பதினோரு வருஷம் தப்பே பண்ணாத மிஷின்."

சாப்பிட்டு முடித்து வாயைத் துடைத்தபடி வந்த கிரெசென்ஸ், பழைய கணினியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அந்தக் கம்பியை எலி கடிச்சுப் பதினோரு வருஷமாச்சுப்பா. ஜன்னல் வழியா வெளியே எடை காட்டுற போர்டைப் பார்த்து நான்தான் இதுல கையால அடிச்சுட்டிருக்கேன், தள்ளிக்கோ."