நாற்பத்தெட்டாம் நிமிடத்தில் சிரிக்கவும்

அந்தப் புத்தாண்டு அன்று விழுப்புரம் தியேட்டரின் மேட்னி ஷோவில் இருந்தவர்கள்: நான், கயல்விழி, ஒரு சமோசாக்காரர், என் சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டு. இல்லாதவர்கள்: நான் மயிலம் முருகனைக் கும்பிடப் போயிருப்பதாக நம்பிக்கொண்டிருந்த என் பெற்றோர். (முருகனும் அங்கே என்னைத் தேடியிருப்பார்.)

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். பரீட்சையில் என்ன வரும் என்று வீட்டில் கேட்டால், "சோறு துன்னுட்டுப் போடா, எல்லாம் வரும்" என்பார் அப்பா. அதனால் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை மனப்பாடம் செய்வேன், பின்னட்டையில் போட்டிருக்கும் விலை உட்பட. காதல் விஷயத்திலும் வீட்டில் சந்தேகம் கேட்க வழியில்லை. அப்பாவும் அம்மாவும் முதன்முதலாகப் பேசிக்கொண்டதே தாலி கட்டிய மூன்றாம் நாள்தான், அதுவும் காணாமல் போன ஆட்டைப் பற்றி.

கயல்விழியும் நானும் ஞாயிறுதோறும் விழுப்புரத்தில் அரசு வேலைக்கான பயிற்சி வகுப்பில் படித்தோம். வகுப்பு முடிந்து டீ குடிக்கும் பழக்கம் மெல்ல வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது. டிசம்பர் கடைசியில் ஒருநாள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"தை பொறந்தா எனக்கு மாப்ள பாக்க ஆரம்பிச்சிடுவாங்க. அதுக்குள்ள உங்களப் பத்தி வீட்ல சொல்லணும். எங்கப்பா ஒண்ணுதான் கேப்பாரு, பையன் பொய் சொல்லுவானான்னு."

"சேச்சே!"

"அப்ப ஒண்ணாந்தேதி புதுப்படத்துக்குப் போலாம். ரெண்டு பேரும் மொத மொத ஒண்ணாதான் பாக்கணும். கதை கூட யாருகிட்டயும் கேக்கக் கூடாது. சத்தியமா?"

"சத்தியமா."

மறுநாள் திண்டிவனத்தில் முதல் ஆளாக வரிசையில் நின்று அந்தப் படத்தைப் பார்த்தேன்.

பயம்தான், வேறென்ன. எங்கே சிரிப்பது என்று தெரியாமல் விழித்தால் ரசனை கெட்டவன் என்று நினைத்துவிடுவாளே! ஒருமுறை பார்த்ததில் பாதி மறந்துவிட்டது. அடுத்த நாளும் போனேன். மூன்றாம் நாள் நோட்டோடு போனேன்.

புத்தாண்டு அன்று தியேட்டரில் நான் ஒரு பிரமாதமான ரசிகனாக இருந்தேன். ஒரே குறை, எல்லாரையும்விட அரை நொடி முந்திவிட்டேன். நகைச்சுவை நடிகர் வாயைத் திறப்பதற்குள் சிரித்தேன். கதாநாயகியின் அப்பா ஆரோக்கியமாக இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கர்சீப்பால் கண்ணைத் துடைத்தேன். (அவர் சாக இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.) கயல்விழி திரும்பிப் பார்த்தாள். அப்புறம் ஒரு பாட்டு வந்தது. நானும் கூடவே முணுமுணுத்தேன்.

"இந்தப் பாட்டு போன்ல இன்னும் வரவேல்ல. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ராகத்த வெச்சி ஒருமாதிரி யூகிக்கலாங்க."

"வரியக் கூடவா?"

நல்லவேளையாக இடைவேளை விட்டார்கள். நல்லவேளை என்று நான் நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். புத்தாண்டுக் கூட்டத்துக்காகத் தன் மச்சானுக்கு ஒத்தாசையாக வந்திருந்த திண்டிவனம் தியேட்டர் சமோசாக்காரர், தட்டோடு எங்கள் முன்னால் வந்து நின்றார். முகமெல்லாம் பல்.

"அட, நம்ம தம்பி! இன்னாப்பா, அங்க மூணு நாளு பாத்தது பத்தலையா, இங்க வேற வந்துட்ட?" பிறகு அவளிடம், "யம்மா, இருவது வருசமா சமோசா விக்கறேன். பரீட்சைக்குப் படிக்கிற மாரி, நோட்டுல எழுதிக்கினே படம் பாத்த ஆள இப்பத்தான் பாத்தேன்!"

பாராட்டாக ஒரு சமோசாவைக் காசு வாங்காமல் என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

கயல்விழி கையை நீட்டினாள். "நோட்டு."

கொடுத்தேன். சத்தமாகவே வாசித்தாள்.

"நாற்பத்தெட்டாம் நிமிடம்: சிரிக்கவும். ஐம்பத்தைந்து: கர்சீப். இடைவேளை: சமோசா, கயல்விழிக்கு இரண்டு..."

முன்வரிசைக் குடும்பம் ஒன்று மொத்தமாகத் திரும்பி உட்கார்ந்து கேட்டது. எனக்கோ தை மாதத்து மாப்பிள்ளை கண்முன்னே வந்து நின்றான். அவனுக்கு அரசு வேலை வேறு கிடைத்திருந்தது.

கடைசிப் பக்கத்தில் அவள் குரல் நின்றுவிட்டது. அங்கே எழுதியிருந்தது இதுதான்: 'படம் முடிந்ததும், உங்களோடு பார்த்ததால்தான் பிடித்தது என்று சொல்லவும். (இதற்கு நடிக்கத் தேவையில்லை.)'

நோட்டை மூடித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"பொய் சொன்ன, இல்ல?"

அதுவரை 'நீங்க' என்றவள். அன்று இறங்கிய மரியாதை இன்றுவரை ஏறவில்லை.

"ஆமாங்க."

"நீ இதோட நாலு வாட்டி பாத்துட்ட. நான் ஒண்ணு. இன்னும் மூணு வாட்டி என்னக் கூட்டிக்கினு வா. அப்புறந்தான் அப்பாகிட்ட பேசுவேன்."

"நானும் கூட வந்தா என் கணக்கும் ஏறுமேங்க?" (கேட்டவன் குடும்பத்தின் முதல் பட்டதாரி.)

"அது தெரியாமயா சொல்றேன்?" என்று சமோசாவை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

பொங்கலுக்குள் மூன்று முறை போனோம். கடைசி முறை திரையில் என்ன ஓடியது என்று இருவருக்குமே நினைவில்லை. தை பிறப்பதற்கு முந்தின நாள் அப்பாவிடம் சொன்னாள், நோட்டையும் காட்டிவிட்டாள்.

இன்றும் மாமனார் வீட்டில் யாராவது ஏதாவது செய்தி சொல்லி நான் "அப்படியா!" என்று வாயைப் பிளந்தால், "இன்னா மாப்ள, திண்டிவனத்துலயே மூணு வாட்டி கேட்டுட்டு வந்துட்டீங்களா?" என்பார் அவர். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன், ஜாக்கிரதையாக அரை நொடி தாமதித்து.

அந்த மொக்கைப் படத்துக்கு மொத்தம் பதினொரு டிக்கெட், ஒன்று நூற்றிருபது வீதம் ஆயிரத்து முந்நூற்று இருபது ரூபாய். அந்த ஒரு சமோசா மட்டும் இலவசம்.