அப்பா சொல்லும் ஆறு நம்பர்

"மெசேஜ்ல ஆறு நம்பர் வந்திருக்கும். பார்த்துச் சொல்லுங்கப்பா."

"இரு. கண்ணாடியைத் தேடறேன்."

போனுக்கு அந்தப் பக்கம் டிராயரை இழுக்கும் சத்தமும் தலையணையைப் புரட்டும் சத்தமும் கேட்டன. கண்ணாடி அவர் நெற்றியிலேயே ஏறி உட்கார்ந்திருக்கும் என்று மகளுக்குத் தெரியும். சொல்லவில்லை. தேடுகிறவரைக்கும் லைனில் இருப்பாரே.

ஒருவழியாக ஆறு நம்பரையும் ஏலம் விடுகிறவர் மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, "வச்சிடறேன்" என்று வைத்துவிட்டார்.

அப்பாவும் மகளும் முகம் கொடுத்துப் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. தன் ஆபீஸிலேயே அவளுக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார் அப்பா. அவளோ வேண்டாமென்று சொல்லிவிட்டு, வேறு ஊரில், கம்ப்யூட்டர்க்காரர்கள் செய்ததில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தட்டிப் பார்க்கிற சோதனைக்காரி வேலைக்குப் போய்விட்டாள். "ஊரான் வேலையில நொட்டை சொல்றதுக்கு ஒரு சம்பளமா?" என்று கேட்டவர்தான், அதற்குப் பிறகு அவள் கூப்பிட்டால் போனை அம்மாவிடம் நீட்டிவிடுவார்.

இப்போது அவள் தட்டிக்கொண்டிருந்தது ஒரு மருத்துவமனையின் இணையதளம். நோயாளிகள் வீட்டிலிருந்தபடியே தங்கள் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்கலாம். உள்ளே போக பாஸ்வேர்டு வேண்டும். செல்போனுக்கு வருகிற ஆறு நம்பரும் வேண்டும். சோதித்துப் பார்க்கப் பொய் நோயாளிகள் தேவைப்பட்டார்கள். ஒரு போனுக்கு ஒரு நோயாளிதான். ஆபீஸில் இருந்த போன்களெல்லாம் தீர்ந்துபோக, அவசரத்துக்கு அப்பாவின் பட்டன் போன் நம்பரைப் போட்டுவிட்டாள். பேசிக்கொண்டே மெசேஜ் பார்க்க அவருக்கு வராது. அதனால் அம்மாவின் போனில் கூப்பிட்டு அப்பாவிடம் கொடுக்கச் சொல்வாள். வேலை விஷயம் என்றதும் மனுஷனால் மறுக்க முடியவில்லை.

முதல் நாளே வேண்டுமென்றே தப்பு நம்பர் போட்டுப் பார்த்தாள். தளத்தின் கதவு திறக்கவில்லை. அப்பா சொன்னதைப் போட்டாள், திறந்தது. அத்தோடு அப்பாவின் வேலை முடிந்திருக்க வேண்டும். ஆனால் நாலாம் நாள் நம்பரைச் சொல்லிவிட்டு, வைக்காமல், "அங்க வெயில் ஜாஸ்தியா?" என்று கேட்டுவிட்டார். சோதனைக்காரிக்கு அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை.

அதற்கப்புறம் அவள் செய்த காரியத்தை எங்கே போய்ச் சொல்வது. உள்ளே போனவர்கள் அரை மணி நேரம் சும்மா இருந்தால் தளம் தானாக வெளியே தள்ளிவிடும். அரை மணி ரொம்ப அதிகம், திறந்துபோட்டுவிட்டு எழுந்துபோனால் கண்டவனும் பார்ப்பான், ஐந்து நிமிடமாகக் குறையுங்கள் என்று சொல்லி மாற்ற வைத்தாள். காரணம் என்னவோ நியாயமானதுதான். ஐந்து நிமிடத்துக்கொரு தடவை அப்பாவைக் கூப்பிடலாம் என்கிற கணக்கு யாருக்குத் தெரியும்?

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. டீ குடித்துவிட்டு வந்தவர்கள் எல்லோரும் வெளியே நின்றார்கள். மருத்துவமனைக்காரர்களை உட்காரவைத்து மேலாளர் தளத்தின் பெருமையை விளக்கினார். விளக்கம் நீண்டது. தளம் அவரையும் வெளியே தள்ளியது. அவர் நேராகச் சோதனைக்காரியின் மேசைக்கு வந்து, இதற்கு ஒரு வழி பண்ணாவிட்டால் உன்னை வெளியே தள்ளிவிடுவேன் என்று கத்தினார்.

பக்கத்து மேசைச் சுருள்முடிதான் அந்தத் தளத்தை எழுதியவன். யாருக்கும் தொல்லையில்லாமல் செய்துவிடுகிறேன் என்று எதையோ திறந்து, எதையோ மாற்றினான். என்ன மாற்றினாய் என்று கேட்டதற்கு, சின்ன விஷயம், விடு என்றான். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான். யாரையும் தள்ளுவது நின்றது. அப்பாவைக் கூப்பிடச் சாக்கும் போயிற்று. சோதனைக்காரி தானே வெளியே வந்து, அப்பாவிடம் நம்பர் கேட்டு மறுபடி உள்ளே போக ஆரம்பித்தாள்.

எதை மாற்றினாலும் பழையபடி தப்பு நம்பரும் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவள் தொழிலில் பாலபாடம். அப்பா சரியான நம்பரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது தப்பு நம்பர் போட யாருக்கு மனசு வரும்?

அப்பாவும் கைதேர்ந்துவிட்டார். இப்போதெல்லாம் கண்ணாடி தேடுவதில்லை. கேட்ட உடனே கடகடவென்று சொல்லிவிடுவார். ஒன்றுகூடத் தப்பியதில்லை. மிச்ச நேரத்துக்கு ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, முதுகுவலி எப்படி என்று விசாரிப்பார். இன்றைக்கு என்ன நொட்டை கண்டுபிடித்தாய் என்று ஒரு நாள் அவரே கேட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்குத்தான் மேலாளர் உலை வைத்தார். இன்றே தளம் ஊருக்குத் திறக்கிறது, உள்ளே போகும் வழி சரியாக இருக்கிறதென்று அவள் ஒப்புதல் கொடுத்தாக வேண்டும். சோதனைக்காரி கனத்த மனசோடு போனை எடுத்தாள்.

"அப்பா, இன்னிக்குத்தான் கடைசி. நாளையிலேர்ந்து நம்பர் வேண்டாம்."



"ஏன், நல்லாப் பார்த்துட்டியா?" என்றார் அப்பா. "அவசரப்படாதம்மா. எங்கயாவது ஓட்டை இருக்கப்போகுது. இன்னும் ஒரு வாரம் பாரேன்."

நொட்டை சொல்ல ஒரு சம்பளமா என்று கேட்ட அதே அப்பா. சோதனைக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாம் சரியாக இருக்கிறது, நம்பரைச் சொல்லுங்கள் என்றாள். ஆறையும் சொன்னார். போன் கைமாறும் சத்தம் கேட்டது.

போட்டாள். கதவு திறந்தது. ஒப்புதல் பட்டனுக்கு விரலைக் கொண்டுபோனாள்.

"ஏண்டி," என்று அம்மா அடிக்குரலில் பேசினாள், "நம்பர் வேணும்னு சொல்லியாவது தினம் அவரைக் கூப்பிட்டுக்கிட்டே இருடி. அந்தப் பட்டன் போன் வாளித் தண்ணியில விழுந்து செத்துப்போய் ஒரு வாரமாச்சு, நீ கூப்பிடறது நின்னுடுமேன்னு வாய்க்கு வந்த நம்பரைத்தான் சொல்லிக்கிட்டிருக்கார் உங்கப்பா."